பதிமூன்று கையெழுத்துள்ள வெற்றுப் பக்கம்

மைசூர் ரிங் ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இரண்டு பஞ்சாயத்துகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று ஹலசினகட்டெ, இன்னொன்று நேரளெகொப்பலு. நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு எல்லைக்கல். இந்தப் பக்கத்து நாய் அந்தப் பக்கத்து நாயைக் கண்டால் குரைக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அந்த அளவுக்குப் பகை.

பகைக்குக் காரணம் எண்பதடிக் கால்வாய். நேரளெகொப்பலுவில் பழைய கல் குவாரிப் பள்ளத்துக்குள் கல்லுக்குழி காலனி என்று நாற்பது வீடுகள் இருக்கின்றன. எல்லாம் கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுக்க அங்கேதான் விருந்துக்கு வரும். போன வருஷம் பொன்னம்மா வீட்டு அண்டா மூன்று தெரு நீந்திப் போய், நாலாவது தெருவில் கரையேறி, யார் வீட்டு வாசலிலோ இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் திரும்பியது. அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஊறிப்போன சுவர் ஒன்று இடிந்து பாப்பாத்தியின் காலில் விழுந்தது. அவள் இன்னும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். தண்ணீரை ஏரிக்குக் கொண்டு போகக் கால்வாய் எல்லாம் தயார். கடைசி எண்பதடி மட்டும் ஹலசினகட்டெ மண்ணில் போக வேண்டும். அதற்கு அவர்கள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரே ஒரு வரித் தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானம் திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் தாலுகா அலுவலகத்துக்குப் போகாவிட்டால் வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். மழையிடம் யார் போய் அடுத்த வருஷம் வா என்று சொல்வது?

நேரளெகொப்பலுவின் தலைவி பாக்கியலட்சுமி. ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரி. புருஷனோடு மைசூருக்கு வந்து செங்கல் சுமந்து, சுமப்பவர்களை மேய்க்கும் மேஸ்திரியாகி, கடைசியில் தேர்தலில் நின்று ஜெயித்தவள். அவள் காதோடு காதாகச் சொல்கிற ரகசியம் பஸ் ஸ்டாண்டு வரை தெளிவாகக் கேட்கும். ஓட்டுக் கேட்கப் போனபோது கல்லுக்குழியில் அவள் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள்: “இந்த மழைக்கு முன்னாடி கால்வாய் வந்திருமுங்க.” பொன்னம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் பார்க்கும்போதெல்லாம், “ஏ பாக்கியம், வாக்கு எங்கடி? வர்ற வழியில விழுந்திருச்சா?” என்பாள். “கால்வாய் வரல, நாப்பது குடும்பமும் உன் ஆபீசுல வந்து அடுப்பு மூட்டும், ஞாபகம் வச்சிக்க.”

ஹலசினகட்டெயின் தலைவர் ஆழ்வார். மேல்கோட்டை ஐயங்கார் வம்சம். எடை, அளவுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தராசு முட்கள் தாமாகவே எழுந்து நடுவில் நின்று கும்பிடு போடும் என்று சொல்வார்கள். ஓய்வுக்குப் பின் எடைபோடக் கத்தரிக்காய் கிடைக்காததால் மனிதர்களை எடைபோட ஆரம்பித்தார். பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாற்பத்தொரு விதிகள் கொண்ட நடத்தை நெறிமுறை ஒன்று எழுதி, லாமினேட் செய்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் கட்டிக் கொடுத்தார். அதில் அவர் ரொம்பப் பெருமைப்பட்டது ஆறாவது விதி: கூட்டத்துக்கு வருகிறவர் நுழைந்ததுமே, பதினொரு மணிக்குள், நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லாவிட்டால் வராதவர். கூட்டம் முடியும்போது வந்து ஒரு கிறுக்கலும் ஒரு காபியுமாக ஓடிப்போகிற வழக்கம் அதோடு ஒழிந்தது. ஒரு பஞ்சாயத்து தன் நெறிமுறையில் கையெழுத்துப் போடாதவரை அதோடு எந்த ஒத்துழைப்பும் கிடையாது என்பது அவர் கட்சி. பாக்கியலட்சுமி கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். பதினோராவது விதிப்படி அண்டைப் பஞ்சாயத்துத் தலைவரை மரியாதையோடு குறிப்பிட வேண்டுமாம். அது தன்னால் ஆகாத காரியம் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நேரளெகொப்பலு அலுவலகத்தில் கூட்டுக் கூட்டம். ஹலசினகட்டெயின் செயலாளர் பிரசவ விடுப்பில் இருந்ததால், கொஞ்ச நாளாகவே இரண்டு பஞ்சாயத்துக்கும் எழுத்து வேலை உமேஷுடையது. உமேஷ் பாக்கியலட்சுமியின் குமாஸ்தா. வீட்டில் தமிழ், மற்ற எல்லா இடத்திலும் கன்னடம், இரண்டும் சேராத இடத்தில் இங்கிலீஷ். எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு ஹலசினகட்டெ ஜீப்புகள் வந்தன. ஆறாவது விதிக்குப் பயந்து பன்னிரண்டு பேரும் ஓடிவந்து, ஒருவர் முதுகில் இன்னொருவர் தங்கள் நடவடிக்கைப் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பதிமூன்றாவதாக ஆழ்வார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிதானமாகப் போட்டார். பக்கத்தின் அடியில் பதிமூன்று கையெழுத்து, மேலே ஒன்றுமில்லை.

கூட்டம் பதிவுக்காகக் கன்னடத்தில் ஆரம்பித்தது. இரண்டு தலைவர்களும் நடவடிக்கைக்குக் கன்னடமும் திட்டுவதற்குத் தமிழும் வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் இரண்டு பஞ்சாயத்தின் உறுப்பினர்களும், தமிழே தெரியாத கௌடர்கள் உட்பட, ‘வாயை மூடு’ என்பதற்கு அந்த மொழியில் பதினேழு விதம் கற்று வைத்திருந்தார்கள்.

சண்டை மூண்டது உப்புமாவில். பாக்கியலட்சுமி எல்லோருக்கும் உப்புமாவும் கேசரிபாத்தும் வைத்திருந்தாள். ஆழ்வார் தட்டைத் தொடவில்லை.

“பதினாலாவது விதி,” என்றார். “தீர்மானம் வேண்டறவா தர்ற எதையும் உறுப்பினர் வாங்கிக்கப்படாது.”

“இது லஞ்சமில்லீங் சாமி, உப்புமா.”

“முந்திரி போட்டிருக்கேள்.”

“முந்திரி போட்டா லஞ்சமாயிருமா? எத்தனை முந்திரியில இருந்துங்? அதுக்கொரு தராசு வச்சிருப்பீங்களே, எடுங்க பார்க்கலாம்!”

“பாக்கியலட்சுமியவரே, தரம் பத்திப் பேசறப்போ நையாண்டி வேண்டாம். உங்க பஞ்சாயத்துல தரம்னு ஒண்ணு இருந்தா மழைத்தண்ணியோட கக்கூஸ் தண்ணியும் எங்க ஏரிக்கு வராதுன்னு நம்பலாம். நம்ப முடியல்லையே.”

“எங்க சனம் கக்கூசுக்குப் போறதக்கூட எட்டிப் பார்த்து அளந்து வச்சிருக்கீங்களா? வெக்கமா இல்லீங்?”

ஆழ்வாரின் மூக்கு சிவந்தது. சாமுண்டி மலையிலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்திருக்கும். “எழுந்திருங்கோ எல்லாரும்! வெளிநடப்பு!” என்றார். பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்த கோபத்தில், அல்லது கேசரிபாத்தை விட்டுப்போக மனமில்லாததில், கையில் தட்டோடே வெளிநடப்புச் செய்தார்கள். பஞ்சாயத்து வரலாற்றில் எவர்சில்வர் தட்டோடு நடந்த முதல் வெளிநடப்பு அதுவாகத்தான் இருக்கும். தட்டுகள் போய்விட்டன. புத்தகம் மேஜைமேல் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் உமேஷ் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பவன் மாதிரி நின்றான்.

“மேடம், பாருங்க. கீழே பதிமூணு சைன். மேலே ஃபுல் காலி. எழுதறது எப்பவும் என் கைதான். நான் ஒரு லைன் எழுதிட்டா அஷ்டே, முடிஞ்சுது. யாருக்கும் கொத்தாகாது, தெரியவே தெரியாது மேடம்.”

“கிறுக்கா உனக்கு? அந்தாளு சும்மா விடுவானா?”

“என்ன செய்வாரு? அவர் சைன் இருக்கே. நான் சைன் போட்டப்ப காலியா இருந்துச்சுன்னு சொன்னா, அவர் ரூலுக்குத்தான மேடம் மானம் போகும்?”

பாக்கியலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் வழியே பார்த்தாள். வானம் தெற்கே கருக்கிக்கொண்டு வந்தது.

“பென்சில்ல எழுதிக் காட்டு,” என்றாள். “சும்மா, எப்படி இருக்குதுன்னு பார்க்கறதுக்கு.”

உமேஷ் எழுதினான். நேரளெகொப்பலுவின் மழைநீர்க் கால்வாய் எங்கள் எல்லையில் எண்பதடி செல்வதற்கு ஆட்சேபணை இல்லை, ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அவ்வளவுதான். பாக்கியலட்சுமி அதை நான்கு தடவை படித்தாள். அவள் கல்யாணப் பத்திரிகைகூட அத்தனை அழகாக இருந்ததில்லை. அதிலும் அந்த ‘ஏகமனதாக’வுக்குக் கீழே ஆழ்வாரின் கையெழுத்து, ஆட்டுக்குட்டி மாதிரி சாதுவாகப் படுத்திருந்தது.

அந்நேரம் பார்த்து உள்ளே வந்தாள் பொன்னம்மா. பின்னால் சாய்ந்து சாய்ந்து பாப்பாத்தி. பொன்னம்மாவுக்குக் கன்னடம் படிக்க வராது. ஆனால் உமேஷின் முகத்தைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம்.

“காரியம் ஆச்சா?” என்றாள். உமேஷ் சொல்லிவிட்டான். “அடி சக்கை! அப்புறம் என்னத்துக்குப் பென்சிலு? பேனாவ எடுறா.”

உமேஷ் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

பாக்கியலட்சுமியின் கண் அந்தக் கையெழுத்துகளை விட்டு நகரவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் இப்படி ஒரு வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து தோள் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். காண்ட்ராக்டர் வந்து, “ஆஸ்பத்திரிக் காரியத்துக்கும்மா, இங்க போடு,” என்றான். போட்டாள். அந்தக் கையெழுத்துக்கு மேலே அவன் எழுதிக்கொண்டது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது: என் கணவர் குடித்துவிட்டுத் தானே விழுந்தார், எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. குடியையே தொடாத மனுஷன். அந்த ஆளை இப்போது நினைத்தாலும் அவளுக்கு வாயில் கசப்பு ஊறும்.

“ரப்பர் குடு,” என்றாள்.

“மேடம்?”

“குடுங்கறேன்!”

அவள் அழித்தாள். ஆழ்வாரையே அழிப்பவள் மாதிரி அழித்தாள். மேஜை ஆடியது. டம்ளர் ஆடியது. சுவரிலிருந்த காலண்டர்கூட ஒரு மாதம் புரண்டிருக்கும்.

பொன்னம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஓஹோ. நேர்மையா? நல்லா இருக்கு. உனக்கு நேர்மை, எங்களுக்குத் தண்ணி. பங்கு சரியாப் போச்சு.”

“பொன்னம்மக்கா, சித்த கேளு…”

“என்னத்தக் கேக்கறது? நீ மாடி வீட்டுல உக்காந்து யோக்கியமா இரு. இவ கால் இன்னொருக்கா ஒடியட்டும்.” பாப்பாத்தியோ, அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பொன்னம்மாவின் பேச்சைவிட மோசமாக இருந்தது.

புத்தகத்தை உடனே திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆழ்வாருக்குப் புத்தகத்தின் நினைவு வந்து போன் அடிக்க ஆரம்பித்தபோது, பாக்கியலட்சுமி போனை மேஜைமேல் வைத்து அது அதிர்ந்து அதிர்ந்து நகர்வதை ரசித்தாள். இருபத்தேழு தடவை. வேர்த்து ஒழுகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார் பொறுமை இழந்தார். இரண்டு பஞ்சாயத்துக்கும் பொதுவாக ‘அண்டை நட்பு’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நட்பைத் தவிர எல்லாம் நடக்கும். அங்கே எழுதினார்: எங்கள் நடவடிக்கைப் புத்தகம் நேரளெகொப்பலு தலைவியால் கடத்தப்பட்டுள்ளது. அதில் போலித் தீர்மானம் எழுதப்பட்டிருப்பதாக உறுதியாக அறிகிறேன். சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். கீழே பதிமூன்று சிவப்பு ஆச்சரியக்குறி. பாக்கியலட்சுமி ஒரே வரியில் பதில் போட்டாள்: திங்கள் பத்தரைக்கு வந்து கண்ணால பாருங்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கல்லுக்குழியில் கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியது. பொன்னம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவள். திங்கட்கிழமை காலையில் பஞ்சாயத்து அலுவலக வராந்தாவில் நாற்பது குடும்பமும், அவர்கள் பாய், படுக்கை, அரிசி மூட்டை, நான்கு கோழி, நீச்சல் தெரிந்த அந்த அண்டா எல்லாமும் இருந்தன. மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆழ்வாரும் அவரது பன்னிரண்டு பேரும் புகைக்குள் இருமியபடி, கோழிகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தார்கள். பாக்கியலட்சுமியின் பத்து உறுப்பினர்களும் ஏற்கெனவே சுவரோரமாக இருந்தார்கள். ஒரு அடிதடியாவது பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்ற முடிவோடு.

“எங்கே புத்தகம்?” என்றார் ஆழ்வார். வணக்கம் கிடையாது.

“அக்கட்டால இருக்குது. எடுத்துக்குங். பத்திரமா, அதுல கேசரி ஒட்டியிருக்கும். உங்காளுக போட்டது.”

ஆழ்வார் பக்கத்தைப் பிரித்தார். பதிமூன்று கையெழுத்து. மேலே வெள்ளை. வெளியே கோழி மட்டும் பேசியது.

“போலித் தீர்மானம் எங்கீங் சாமி?” என்றாள் பாக்கியலட்சுமி. “படிங்க, எல்லாரும் கேக்கட்டும். எழுத்து சின்னதா இருந்தா கண்ணாடி தரட்டுங்களா?”

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஆழ்வார் முப்பது வருஷம் படிக்கல்லின் அடியில் தோண்டி ஈயம் எடுத்த இடத்தைக் கண்டுபிடித்தவர். புத்தகத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“பென்சில்!” என்று கூவினார். “பென்சில் தடம்! எழுதி அழிச்சிருக்கா! ஏ-க-ம-ன-தா… பாருங்கோ, பாருங்கோ!”

உமேஷ் மேஜைக்கு அடியில் எதையோ தேடப் போனான். பாக்கியலட்சுமியின் காது சூடேறியது. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வராந்தாவிலிருந்து பொன்னம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்,” என்றாள் பாக்கியலட்சுமி. “நான்தான் எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தேன். நல்லாவே இருந்துச்சு. அப்புறம் அழிச்சிட்டேன்.”

“கேட்டேளா! ஒத்துண்டுட்டா! போலீசுக்குப் போன் பண்ணுங்கோ யாராவது!”

“ஒரு நிமிஷம் ஸார்.”

சொன்னது ஸுஷ்மா. ஹலசினகட்டெயின் உறுப்பினர்களிலேயே வயதில் சின்னவள், வக்கீல். ஆழ்வாரின் நெறிமுறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதோடு நிற்காமல் முழுவதும் படித்த ஒரே ஆள். அவள் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“அவங்க பென்சில்ல எழுதினது தப்பு. ரொம்பத் தப்பு. ஆனா நான் சைன் பண்ணப்போ இது ஏன் காலியா இருந்துச்சு?”

“ஆறாவது விதிம்மா. நேரம் தவறாமை.”

“ஓ. அப்போ இந்த ஒரு வருஷமா எல்லா மீட்டிங்லயும் நான் காலிப் பக்கத்துலதான் சைன் பண்ணிருக்கேன். அப்புறம் மேலே என்ன எழுதினீங்கன்னு நாங்க யாராச்சும் பார்த்திருக்கோமா?”

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸுஷ்மா பின்னால் புரட்டினாள். புரட்டியவள் நின்றாள். அங்கிருந்த கன்னடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று, தலைவர் ஆழ்வார் அவர்களின் ஒப்பற்ற நேர்மையையும் தொலைநோக்கையும் ஏகமனதாகப் பாராட்டினர். இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். தலைவர் இல்லாவிட்டால் இந்தப் பஞ்சாயத்து இருளில் மூழ்கியிருக்கும் என்று உறுப்பினர்கள் கண்கலங்கக் கூறினர்.

“நாம கண்கலங்கினோமா?” என்று ஒரு கிழவர் பக்கத்து ஆளைக் கேட்டார்.

“அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்,” என்றார் அவர்.

நேரளெகொப்பலுவின் பக்கம் சிரிப்பு வெடித்தது. மேஜைக்கு அடியிலிருந்து உமேஷின் குரல் வந்தது: “அவர் சொன்னார் ஸார், நான் எழுதினேன் ஸார்.”

“அது… சாராம்சம்,” என்றார் ஆழ்வார். அவர் முகம் உப்புமா நிறத்துக்குப் போயிருந்தது. “உங்க மனசுல இருந்ததைத்தான் நான்…”

“எங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டுமா ஸார்?” என்றாள் ஸுஷ்மா. “வேண்டாம். பத்தொம்பதாவது விதி. ஒரு விஷயத்துல சொந்த லாபமோ சொந்த விரோதமோ இருக்கறவங்க அந்த விஷயம் முடியற வரைக்கும் ரூமுக்கு வெளியே நிக்கணும். நீங்க எழுதினது ஸார். வெளியே போங்க.”

“நானா?”

“நீங்களும்தான், மேடம்,” என்று பாக்கியலட்சுமியிடம் திரும்பினாள். “உங்களுக்கு ரெண்டும் இருக்கு.”

“இது என்ற ஆபீசு! என்ற நாற்காலி!”

“நாற்காலி இங்கயே இருக்கட்டும். நீங்க மட்டும் போங்க.”

கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பஞ்சாயத்தின் தலைமையும் வராந்தாவில், கோழிகளுக்கு நடுவே நின்றன. மழை தூற ஆரம்பித்தது. பொன்னம்மா எல்லோருக்கும் காபி ஊற்றினாள். இந்த இரண்டு பேரையும் மட்டும் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போதும் தாண்டினாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்தார்கள்.

“கண்கலங்கக் கூறினராம்,” என்றாள் பாக்கியலட்சுமி, கூரையைப் பார்த்து.

“பென்சில் திருடி,” என்றார் ஆழ்வார், தூணைப் பார்த்து.

“பென்சிலு எங்க ஆபீசு பென்சிலுதானுங். நான் எங்கீங் திருடினேன்?”

“தோ பாருங்கோ, இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேல உங்க கால்வாய் கனவுல ஓடும். நானும் பார்த்துண்டே இருப்பேன்.”

“பாருங், பாருங். கிட்ட வந்தே பாருங். வருஷா வருஷம் இந்தச் சனம் மாரளவுத் தண்ணியில புள்ளையத் தூக்கிட்டு நிக்கறதப் பார்க்கத்தான் உங்க ஊருல தரம்னு பேரு போல.”

பாப்பாத்தி ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆழ்வார் முன்னால் சாய்ந்து சாய்ந்து போனாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். வழிவிட்டதில் கோழியை மிதித்து, கோழி கத்தி, பொன்னம்மா அவருடைய ஏழு தலைமுறையையும் அன்போடு விசாரித்தாள்.

“ஏன் அழிச்சேள்?” என்றார், எல்லாம் அடங்கிய பிறகு. அப்போதும் தூணைப் பார்த்துத்தான். “பேனால எழுதியிருந்தா எனக்குப் பேச வாய் இருந்திருக்காதே.”

“ஒருக்கா என்ற கையெழுத்துக்கு மேல ஒருத்தன் எழுதினான்,” என்றாள். “அவ்வளவுதானுங். உங்களுக்காக ஒண்ணும் அழிக்கல. உங்க பேருக்கு மேல எதை எழுதினாலும் தகும்.”

ஆழ்வார் கொஞ்சம் யோசித்தார். “அழிக்கறதைச் சுத்தமா அழிச்சிருக்கலாம்,” என்றார். “தடம் தெரியறது. தரம் போறாது.”

அவள் அவரை அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்த சமயத்தில் கதவு திறந்தது.

ஸுஷ்மா வாசற்படியில் நின்றபடியே முடிவைச் சொன்னாள். ஹலசினகட்டெ தன் எல்லையில் எண்பதடிக் கால்வாய்க்கு ஆட்சேபணை சொல்லவில்லை. எட்டுக்கு நாலு. ஏகமனதாக இல்லை, மேடம், அது புத்தகத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. மழைத்தண்ணீர் தவிர வேறு தண்ணீர் வந்தால் மூடப்படும். நேரளெகொப்பலு நெறிமுறையில் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் ஆறாவது விதி மாறுகிறது. இனிமேல் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. இரண்டு தலைவர்களுக்கும் கண்டனம். ஒருவருக்குப் பென்சிலுக்காக, ஒருவருக்குப் பாராட்டுக்காக. கண்டனம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. இருபத்திரண்டு கைகளும் சந்தோஷமாக உயர்ந்தன. கால்வாய் வெட்டும்போது இரண்டு தலைவர்களும் சேர்ந்து நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும்.

“சேர்ந்தா?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அதுதான் அவர்கள் இருவரும் வாழ்நாளில் ஒத்துப்போன முதல் வார்த்தை.

உமேஷ் தீர்மானத்தின் நகலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தாலுகா அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் பறந்தான். மூன்றரைக்கே முத்திரை விழுந்துவிட்டது. பொன்னம்மா அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பும்போது பாக்கியலட்சுமியின் பக்கம் திரும்பி, “வெட்டி முடிச்சப்புறம் சொல்லு. அதுவரைக்கும் உன் மேல எனக்கு நம்பிக்கையில்ல,” என்றாள்.

வியாழக்கிழமை காலை எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுநர் கந்தசாமி. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆழ்வார், கையில் இரும்பு டேப்பும் மட்டப் பலகையும். இந்தப் பக்கம் பாக்கியலட்சுமி, கையில் குடை. இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

“அந்த அம்மாகிட்ட சொல்லுப்பா, மூணடி ஆழத்துக்கு மேல போகப்படாதுன்னு.”

“சாமிகிட்ட சொல்லு கந்தசாமி, நாலடி இல்லாட்டி தண்ணி ஏறி வந்து அவரு வீட்டுல காபி குடிக்குமுன்னு.”

“வாட்டம் நூத்துக்கு ஒண்ணு போறும்னு சொல்லு.”

“நான் இருவது வருஷம் சாரத்துல நின்னு வாட்டம் பார்த்தவள்னு சொல்லு.”

கந்தசாமி முதலில் இந்தப் பக்கம் திரும்பினான், பிறகு அந்தப் பக்கம். பத்து நிமிஷத்தில் அவன் கழுத்து பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தது. எஞ்சினை அணைத்தான். “நீங்க ரெண்டு பேரும் எத்தனை அடின்னு பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. நான் டீக்குப் போறேன்,” என்று இறங்கிப் போய்விட்டான்.

மேலே மேகம் கூடிக்கொண்டே வந்தது. ஆழ்வார் டேப்பை இழுத்தார். எண்பதடியை ஒருத்தர் தனியாக அளக்க முடியாது. கொக்கியை ஒரு கல்லில் மாட்டிப் பார்த்தார், நழுவியது. ஒரு செடியில் மாட்டினார், செடி வேரோடு வந்தது. பள்ளத்துக்கு அந்தண்டை பாப்பாத்தி தன் வீட்டு வாசலில் நின்று, வானத்தையும் இந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியலட்சுமி குடையை மடக்கினாள். நடந்து வந்தாள். டேப்பின் நுனி மண்ணில் கிடந்தது. குனிந்து கையால் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. செருப்புக் காலால் அழுத்தி மிதித்துக்கொண்டாள்.

“இழுங் சாமி,” என்றாள்.